கல்லு கிடக்கு, பசளை இல்லை

அனுராதபுர மாவட்டத்தில் எப்பாவல என்றொரு ஊர். அங்கே நிலத்துக்கு அடியில் ஏறத்தாழ 60 மில்லியன் தொன் பொஸ்பேட் கல் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். ஏ9 வீதியில் மூன்று மணித்தியாலம் வடக்கே வந்தால் கிளிநொச்சி. அங்கே பெரும்போகத்துக்கு வயலை உழுதுவிட்டு நிற்கும் கமக்காரர், கப்பலேறி வந்த ரி.எஸ்.பி. மூடையைக் கடன்பட்டு வாங்கி எறிகிறார். ரி.எஸ்.பி.யும் பொஸ்பேட்தான். எப்பாவலக் கல்லைக் கண்டுபிடித்தது 1971இல். அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது.

இந்த அரை நூற்றாண்டில் எப்பாவல பற்றி நாங்கள் கேட்டதெல்லாம் இரண்டு குரல்கள். "வெளிநாட்டுக்காரனிட்டக் குடுங்கோ, டொலர் வரும்" என்பது ஒன்று. "இது எங்கள் மண்ணின் புதையல், ஒருத்தனும் தொடக்கூடாது" என்பது மற்றது. 2021இல் மூன்றாவதாக ஒன்று சேர்ந்தது: "பசளையே நஞ்சு, அதை விட்டுத் தள்ளுங்கோ." இந்த மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொண்டாலும் ஒரு விசயத்தில் ஒற்றுமை. கல்லுக்கும் பசளைக்கும் நடுவில் ஒரு வேலை இருக்கிறது, அந்த வேலையின் பெயர் இரசாயனப் பொறியியல் என்பதை மூவரும் பேசமாட்டார்கள். நான் அதைப் படித்தவன். அதனால் எனக்கு இந்த மௌனம் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காதில் விழுகிறது.

இலக்கிய இதழில் பசளையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். எங்கட கவிதைகளில் வயல் நிறைய வருகிறது. வரம்பு, கதிர், கொக்கு, மாரி மழை எல்லாம் வருகிறது. அந்த வயலுக்குள் போன மூடை வருவதில்லை. மண்ணை அம்மா என்று எழுதுகிறோம், அம்மா என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்பதில்லை. ஒரு சமூகம் தன் சோற்றுக்குப் பின்னாலிருக்கும் வேதியியலைப் பற்றிப் பேச வெட்கப்பட்டால், அதைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையை வேறு யாரோ எடுத்துக்கொள்வார்கள். 2021இல் நடந்தது அதுதான்.

ஏன் அந்தக் கல்லை அப்படியே வயலில் போட முடியாது?

இதை விளங்காமல் மேலே போக முடியாது. எப்பாவலக் கல்லில் இருப்பது அபடைட் என்ற கனிமம். கல்சியமும் பொஸ்பேட்டும் இறுகப் பிணைந்து, நடுவில் புளோரினும் குளோரினும் குடியிருக்கும் பளிங்கு. எங்களுடைய பல்லும் எலும்பும் இதே குடும்பத்துப் பொருள்தான். பல்லு தண்ணியில் கரையாது, புளியில் அரிக்கும். அபடைட்டும் அப்படியே. அதற்கு அமிலம் வேணும்.

கல்லை இடித்து, மாவாக்கி, மூடையில் கட்டினால் அதில் 28–30 வீதம் பொஸ்பேட் இருக்கும் (பசளைக் கணக்கில் பொஸ்பரஸ் பென்ரொக்சைட்டாக அளப்பார்கள்). ஆனால் இரண்டு வீத சிற்றிக் அமிலத்தில் போட்டுப் பார்த்தால் கரைவது நாலைந்து வீதம்தான். பயிரின் வேருக்கு உடனடியாக எட்டுவது கிட்டத்தட்ட இவ்வளவே என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் மண்ணில் கல்லாகவே கிடக்கும்.

மலையகத்துத் தேயிலை மண் புளிப்பு மண். அங்கே அந்த மாவு ஆறுதலாகக் கரையும். தேயிலைச் செடி பத்து நாப்பது வருசம் நிற்கும், அதற்கு அவசரம் இல்லை. இறப்பருக்கும் தென்னைக்கும் அப்படியே. அதனால்தான் எப்பாவல மாவு பெரும்பாலும் அந்தப் பயிர்களுக்குப் போகிறது. நெல்லுக்கு ஆயுள் மூன்று நாலு மாசம். வேர் பிடிக்கிற முதல் சில கிழமைக்குள் பொஸ்பரஸ் கிடைக்காவிட்டால் பிறகு கிடைத்தும் பெரிய பலனில்லை. வரண்ட வலயத்து மண் பல இடங்களில் நடுநிலையாகவோ காரமாகவோ இருக்கும். அங்கே இந்த மாவைப் போடுவது வயலுக்கு மணல் போடுவதுபோல.

ஆகவே "எங்களிட்ட பொஸ்பேட் இருக்கு" என்று சொல்பவர்களிடம் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி: எந்தப் பொஸ்பேட்? கரையிறதா, கரையாததா? எங்களிடம் இருப்பது கல். எங்களுக்குத் தேவை உப்பு. ஒன்றை மற்றதாக்குவது 1842இல் தீர்ந்துபோன பிரச்சினை. அந்த வருசம் இங்கிலாந்தில் ஜோன் பென்னெற் லோஸ் என்பவர், பொஸ்பேட்டைச் சல்பூரிக் அமிலத்தில் ஊறவைத்து சூப்பர் பொஸ்பேட் செய்வதற்குக் காப்புரிமை எடுத்தார். எங்களுக்குக் கிட்ட வந்தால், இந்தியாவின் முதலாவது சூப்பர் பொஸ்பேட் ஆலை 1906இல் ராணிப்பேட்டையில் தொடங்கியது. தமிழ் பேசும் ஊரில், 120 வருசத்துக்கு முன்னர்.

எனக்கு ஒரு கூட்டம் ஞாபகம் வருகிறது. பெயர் தேவையில்லாத ஒரு அலுவலகம். நான் இதே விசயத்தைப் பேசியபோது அதிகாரி ஒருவர் சிரித்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, இதெல்லாம் பெரிய நாடுகள் செய்யிற வேலை." எனக்குக் கோபம் வந்தது அவருடைய அறியாமையால் அல்ல. அந்தச் சிரிப்பில் இருந்த நிம்மதியால். முடியாது என்று தெரிந்துவிட்டால் செய்யத் தேவையில்லை என்ற நிம்மதி.

அவருக்கு வியட்நாமைச் சொல்லலாம். வடக்கு வியட்நாமின் லாவோ காயில் எங்கட கல்லைப் போலவே அபடைட் உண்டு. அந்த நாடு 1962இலேயே லாம் தாவோவில் சூப்பர் பொஸ்பேட் ஆலையைத் திறந்தது. பிறகு வந்த குண்டுவீச்சு எங்களுக்குத் தெரிந்த குண்டுவீச்சைவிடக் குறைவானதல்ல. ஹனோய்க்குப் பக்கத்தில் வான் டியன் என்ற இடத்தில் அதே கல்லை அமிலமே இல்லாமல், வேறொரு கல்லோடு உருக்கிப் பசளையாக்கினார்கள். "போர் வந்திட்டுது, அதால ஒண்டும் செய்யேலாமப் போச்சு" என்பது எங்களுக்குப் பழகிய வசனம். ஓரளவுக்கு உண்மையும்கூட. முழுக்க உண்மை இல்லை என்பதற்கு வியட்நாம் சாட்சி.

எப்பாவல மக்கள் வென்றதும், நாங்கள் அதில் பாதியை மட்டும் படித்ததும்

1990களில் அரசாங்கம் இந்தக் கல்லை அமெரிக்கக் கம்பனியான ஃப்ரீபோர்ட் மக்மொரான் சேர்ந்த கூட்டு முயற்சிக்கு 30 ஆண்டுக் கணக்கில் கொடுக்கப் பார்த்தது. எப்பாவலயில் அகழ்ந்து, திருகோணமலையில் ஆலை வைத்து, பெரும்பகுதியை ஏற்றுமதி செய்வது திட்டம். ஆய்வுக்கென்று கேட்ட நிலம் 56 சதுர கிலோமீற்றர். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் எழும்ப வேண்டியிருந்தது. கலாவெவவிலிருந்து அனுராதபுரத்துக்குத் தண்ணி கொண்டுபோகும் ஜய கங்கை என்ற பழைய கால்வாயும் அந்த நிலத்தில்தான் ஓடுகிறது.

அந்த ஊர் விவசாயிகளும் விகாரையின் பிக்குவும் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2000ஆம் ஆண்டு யூன் மாதம் நீதியரசர் ஏ.ஆர்.பி. அமரசிங்க எழுதிய தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. முறையான ஆய்வும் சுற்றாடல் மதிப்பீடும் அனுமதியும் இல்லாமல் ஒப்பந்தம் செய்யக்கூடாது என்றது நீதிமன்றம். இயற்கை வளம் அரசின் தனிச்சொத்து அல்ல, மக்களுக்காகவும் வரப்போகிற தலைமுறைகளுக்காகவும் பொறுப்பில் வைத்திருப்பது என்ற கருத்து இந்தத் தீர்ப்பால் இலங்கைச் சட்டத்தில் வேர்கொண்டது.

நாங்கள் அப்போது வேறொரு நெருப்புக்குள் இருந்தோம். எப்பாவலப் போராட்டம் எங்களுக்குச் சிங்களப் பத்திரிகைச் செய்தி. ஆனால் அந்தத் தீர்ப்பின் நிழல் எங்களுக்கும் விழுந்தது. சுன்னாகத்தில் மின்நிலையத்தின் எண்ணெய்க் கழிவு கிணற்றுத் தண்ணிக்குள் போன வழக்கில், 2019இல் உயர் நீதிமன்றம் 20 மில்லியன் ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது. மாசாக்கினவனே பணம் கட்ட வேணும் என்ற அந்தக் கோட்பாடு எப்பாவல வழக்கிலும் பேசப்பட்டதுதான். எப்பாவலக் கமக்காரர் போட்ட பாதையில் சுன்னாகத்தார் நடந்தார்கள்.

தீர்ப்பின் மறுபாதியை யாரும் படிக்கவில்லை. "தொடாதே" என்று நீதிமன்றம் சொல்லவில்லை. படித்துப் பார்த்து, அளவாக, மக்களைக் கேட்டுச் செய் என்றது. அரச நிறுவனமான லங்கா பொஸ்பேற் அன்றைக்கு வருசத்துக்கு ஏறத்தாழ 40,000 தொன் தோண்டிக்கொண்டிருந்தது. அந்தக் கணக்கில் போனால் 60 மில்லியன் தொன் 1,500 வருசத்துக்கு வரும். ஆகவே அவசரமாகத் தோண்டத் தேவையில்லை. தோண்டின கல்லை இன்னும் நன்றாகப் பாவிக்கலாம் என்பதுதான் விசயம். ஆனால் வெற்றி கிடைத்த பிறகு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கல்லைக் காப்பாற்றியதே சாதனை என்று ஆகிப்போனது. சூப்பர் பொஸ்பேட் செய்யப்போகிறோம் என்ற அறிவிப்புகளும் சிறுசிறு முயற்சிகளும் அவ்வப்போது வந்தன. நாட்டின் நெல்வயல்கள் இன்றைக்கும் கப்பலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

2021: பசளை இல்லாத நாடு

2021 மே மாதம் வர்த்தமானி அறிவித்தல் ஒன்றின் மூலம் கோட்டாபய ராஜபக்ச அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தது. நஞ்சில்லாச் சாப்பாடு என்று பெயர். டொலர் இல்லை என்பது உள்விசயம். நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். அதற்குள் போகம் போய்விட்டது. நெல்லும் தேயிலையும் விழுந்தன. அடுத்த வருசம் யூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டு ஓடினார்.

அந்த நாட்களில் முகநூலில் எங்கட ஆட்கள் பலர் சேதனப் பசளைக்குக் கவிதை எழுதினார்கள். மாட்டெருவுக்கு நான் எதிரி இல்லை. எரு மண்ணைப் பஞ்சாக்கும், ஈரத்தைப் பிடிக்கும், புழுவை வாழவைக்கும். ஆனால் ஒரு கணக்கு இருக்கு. ஒவ்வொரு போகமும் வயலிலிருந்து நெல் வெளியே போகிறது. நெல்லோடு பொஸ்பரசும் போகிறது. அது கொழும்பிலோ கண்டியிலோ கழிப்பறைக்குள் இறங்கிக் கடலுக்குப் போகிறது. அதைத் திருப்பிக் கொண்டுவராதவரைக்கும், எரு என்பது ஒரு வயலின் பொஸ்பரசை இன்னொரு வயலுக்கு மாற்றுவது மட்டும்தான். நைதரசனைக் காற்றிலிருந்து அவரைக் குடும்பம் பிடித்துத் தரும். பொஸ்பரசைக் காற்றிலிருந்து பிடிக்கும் செடி உலகத்தில் இல்லை. அது கல்லிலிருந்துதான் வர வேணும்.

தடைக்கு ஆதரவாகப் பேசியவர்கள் சிறுநீரக நோயையும் சொன்னார்கள். வடமத்திய மாகாணத்தில் ஆயிரக்கணக்கான ஏழைக் கமக்காரரைக் கொன்ற நோய் அது. காரணம் இதுதான் என்று விஞ்ஞானிகள் இன்னும் முடிவுக்கு வரவில்லை. இறக்குமதிப் பொஸ்பேட்டில் இருக்கும் கட்மியமும் ஆசெனிக்கும் சந்தேகப் பட்டியலில் இருந்தன. அந்தச் சந்தேகத்தை மதித்தாலும் வந்து சேரும் இடம் எப்பாவலதான். கடலடிப் படிவில் உருவான பொஸ்பேட்டைவிட, எரிமலைக் குழம்பு வழி உருவான அபடைட்டில் கட்மியம் பொதுவாகக் குறைவு. எப்பாவல அந்த இரண்டாவது வகை. நஞ்சைக் கண்டு பயந்தவர்கள் முதலில் கேட்டிருக்க வேண்டியது எப்பாவலயில் ஒரு ஆலையை. அவர்கள் கேட்டது தடையை.

மூன்று வழிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை

முதலாவது, லோஸ் காட்டிய பழைய வழி. கல்லு மாவு, சல்பூரிக் அமிலம், ஒரு கலக்கி, சில கிழமை ஆறவிடும் கொட்டகை. வருவது சிங்கிள் சூப்பர் பொஸ்பேட். ஒரு தொன் எப்பாவலக் கல்லுக்குச் சுமார் 600 கிலோ அமிலம் வேணும். அந்த அமிலத்தைச் செய்ய 200 கிலோ கந்தகம் போதும். கந்தகம் எங்களிடம் இல்லை, இறக்கத்தான் வேணும். ஆனால் கணக்கைப் பாருங்கள்: அந்த ஒரு தொன் கல்லில் இருக்கும் பொஸ்பேட்டை ரி.எஸ்.பி.யாக வாங்கினால் 600 கிலோவுக்கு மேல் இறக்க வேணும். 200 கிலோ கந்தகம் எங்கே, 600 கிலோ முடிந்த பசளை எங்கே?

பெரிய உரக் கம்பனிகள் இந்த வழியை விரும்புவதில்லை. அவர்களுக்குப் பொஸ்போரிக் அமிலம் செய்து, அதிலிருந்து டி.ஏ.பி. செய்து, உலகம் முழுக்க விற்க வேணும். அந்த வழியில் ஒரு தொன் பொஸ்பேட்டுக்கு ஏறத்தாழ ஐந்து தொன் பொஸ்போ ஜிப்சம் மிஞ்சும். அதை மலைபோலக் குவித்து வைப்பார்கள். அன்றைய திட்டம் நிறைவேறியிருந்தால் அந்த மலை திருகோணமலைக் குடாவுக்குப் பக்கத்தில் நின்றிருக்கும். சிங்கிள் சூப்பரில் அந்த ஜிப்சம் பசளைக்குள்ளேயே போய்விடும், பயிருக்குக் கந்தகமும் கிடைக்கும். சின்ன நாட்டுக்கு ஏற்ற வழி அது.

விலை என்ன? எப்பாவலக் கல்லில் இரும்பும் அலுமினியமும் கொஞ்சம் கூட. அவை கரைந்த பொஸ்பேட்டைத் திரும்பப் பிடித்துக் கல்லாக்கப் பார்க்கும். குளோரினும் கூட, அது ஆலையின் உருக்கை அரிக்கும். அமிலம் பட்டவுடன் புளோரின் வாயு எழும்பும், அதைக் கழுவிப் பிடிக்காவிட்டால் பக்கத்து ஊர்க் குழந்தைக்கு இருமல். மூட்டைகளும் கூடும்: ஒரு மூடை ரி.எஸ்.பி.க்குப் பதிலாக இரண்டரை மூடைக்கு மேல் சுமக்க வேணும். இவை எல்லாம் தெரிந்த பிரச்சினைகள். கல்லைக் கழுவித் தரம் பிரிப்பது, இறப்பர் பூசிய தொட்டி, வாயு கழுவும் கோபுரம் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் உண்டு. இறப்பரும் எங்கட நாட்டிலேயே விளைகிறது.

இரண்டாவது, வான் டியன் வழி. கல்லையும் மக்னீசியம் உள்ள இன்னொரு கல்லையும் 1,400 பாகைக்கு மேல் உருக்கி, உருகின குழம்பைத் திடீரெனத் தண்ணிக்குள் ஊற்றினால் கண்ணாடி மணல்போல உடையும். பளிங்கு கலைந்துவிடுவதால் பயிரின் வேர் அதைக் கரைத்துக்கொள்ளும். அமிலம் வேண்டாம், கந்தகம் வேண்டாம். மக்னீசியமும் சிலிக்காவும் நெல்லுக்குச் சேர்த்தி. எங்களிடம் டொலமைற் தாராளம். இதற்கு நல்ல கல் சேப்பன்ரைன், அது உஸ்ஸங்கொடவில் இருக்கிறது. ஆனால் அது தேசியப் பூங்கா, கை வைக்கக்கூடாது. டொலமைற்றையும் மணலையும் வைத்துச் செய்யத்தான் பார்க்க வேணும். இந்த வழியின் விலை எரிபொருள். மின்சாரமோ நிலக்கரியோ நிறையத் தின்னும்.

மூன்றாவது வழிக்குத்தான் நாங்கள் பரந்தனுக்குப் போக வேணும்.

ஆனையிறவு உப்பும் எப்பாவலக் கல்லும்

1950களில் தொடங்கிய பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையைப் பற்றி எங்கட வீடுகளில் கதை கேட்காத வன்னிப் பிள்ளை குறைவு. ஆனையிறவு உப்பைக் கரைத்து, மின்சாரம் விட்டு, எரிசோடாவும் குளோரினும் எடுத்தார்கள். நாட்டின் குடிதண்ணிக்குக் குளோரின் அங்கிருந்து போனது. 1980களின் நடுவில் போர் அதை நிறுத்தியது. இன்றைக்கும் பரந்தன் பெயரில் ஒரு அரச கம்பனி இருக்கிறது. அது குளோரினை வெளிநாட்டிலிருந்து இறக்கி விற்கிறது. ஒரு தொழிற்சாலையின் பெயர் மிஞ்சி, தொழில் இல்லாமல் போவதென்றால் இதுதான்.

உப்பை மின்பகுத்தால் குளோரினோடு ஐதரசனும் வரும். இரண்டையும் எரித்தால் ஐதரோகுளோரிக் அமிலம். இந்த அமிலம் அபடைட்டைச் சுகமாகக் கரைக்கும். கரைந்த நீருக்குச் சுண்ணாம்பு போட்டால் டைகல்சியம் பொஸ்பேட் வெள்ளையாக அடியில் படியும். நெல்லுக்கும் ஆகும், கோழித்தீனிக்கும் ஆகும். கந்தகம் இல்லாமல் உப்பு இருக்கும் நாடு இந்த வழியைத் தேடுவது புதுசில்லை. சாக்கடல் உப்பை வைத்திருந்த இஸ்ரேலில் ஐதரோகுளோரிக் அமிலத்தால் பொஸ்போரிக் அமிலம் செய்யும் முறையைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே உருவாக்கிவிட்டார்கள். குளோரின் கூடிய எங்கட கல்லு சல்பூரிக் ஆலையில் தொல்லை கொடுக்கும் என்றேன் அல்லவா? இங்கே தொட்டியெல்லாம் தொடக்கத்திலிருந்தே குளோரைட்டுக்குத் தயாராகக் கட்டியிருக்கும்.

கணக்கு இதோ. வருசத்துக்கு 10,000 தொன் கல் எடுக்கும் சின்ன ஆலை. அதற்குச் சுமார் 8,000 தொன் உப்பு. மின்சாரம் இரவு பகலாக ஒன்றரை மெகாவாற் அளவு. மன்னாரில் 2020 முடிவில் திறந்த காற்றாலைப் பண்ணை 100 மெகாவாற்றுக்கு மேல் என்பதை நினைத்துப் பாருங்கள். கிடைக்கும் பொஸ்பேட் ஏறத்தாழ 6,500 தொன் ரி.எஸ்.பி.க்குச் சமம். கூடவே 5,000 தொன்னுக்கு மேல் எரிசோடா, அதற்குச் சவர்க்காரக்காரர் தொடங்கி வாங்க ஆள் உண்டு. எப்பாவலக்குக் கிட்ட இருக்கும் தலாவ நிலையமும் பரந்தன் நிலையமும் ஒரே வடக்குப் புகையிரதப் பாதையில் இருக்கின்றன. கல் ரயிலில் வரலாம், பசளை அதே ரயிலில் திரும்பிப் போகலாம்.

இதற்கும் விலை உண்டு. அந்த ஆலையில் வருசத்துக்கு 7,500 தொன் அளவில் கல்சியம் குளோரைட் மிஞ்சும். அதை ஆனையிறவுக் கடனீரேரிக்குள் விட்டால் இறாலும் போய்விடும், இறால் பிடிக்கிறவரின் அடுப்பும் போய்விடும். மூடிய பாத்திகளில் தேக்கிவைக்க வேணும், விற்கக்கூடியதை விற்க வேணும். சுண்ணாம்புக்காக யாழ்ப்பாணச் சுண்ணக்கல்லைத் தொடவே கூடாது. குடாநாட்டின் நன்னீர் முழுக்க அந்தக் கல்லுக்குள்தான் நிற்கிறது. காங்கேசன்துறையில் சீமெந்துக்குத் தோண்டின கிடங்குகள் போதும். பழைய பாதரச முறையும் வேண்டாம், இன்றைக்கு மென்சவ்வுக் கலங்கள் உண்டு.

2025இல் இலங்கை உப்பையே இந்தியாவிலிருந்து இறக்கியது. கடல் சூழ்ந்த நாட்டில் உப்புக்குத் தட்டுப்பாடு. அதைச் சொல்லி என்னை மடக்க நினைப்பவர்களுக்கு: அது என் வாதத்துக்கு எதிரானதல்ல, என் வாதமே அதுதான். மழை பிந்திப் பெய்தது மட்டும் காரணமில்லை. உப்பளத்துக்குப் பின்னால் ஒரு தொழில் இல்லாவிட்டால் உப்பளத்தில் முதலிட ஆளில்லை. சாப்பாட்டு மேசைக்கு மட்டும் உப்பு விளைவிக்கும் நாடு எப்போதும் அடுத்த மழையைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கும்.

கேட்கவேண்டிய கேள்விகள்

"இதெல்லாம் நட்டத்தில் ஓடும், சப்புகஸ்கந்தை யூரியா ஆலை ஓடின மாதிரி" என்பார்கள். அந்த ஆலை நப்தாவில் ஓடியது. மூலப்பொருளும் எரிபொருளும் எங்களுடையதல்லாத இடத்தில், எண்ணெய் விலை ஏறியிருந்த காலத்தில் கட்டினார்கள். விரைவிலேயே மூடினார்கள். அதிலிருந்து கற்க வேண்டியது ஆலை கட்டாதே என்பதல்ல. எங்கட காலடியில் என்ன இருக்கோ அதிலிருந்து தொடங்கு என்பது. சாதாரண வருசங்களில் இறக்குமதி மலிவாகவும் இருக்கலாம். 2021 போன்ற ஒரு வருசத்தில் அந்த மலிவின் உண்மையான விலை தெரியவரும். அந்த விலையைக் கட்டினது பொருளாதார நிபுணர் அல்ல, கமக்காரர்.

"கூடப் போட்டால் மண் கெடும்" என்பார்கள். சரி. மலைநாட்டு மரக்கறித் தோட்டங்களில் போட்ட பொஸ்பேட் மண்ணில் தேங்கிக் கிடக்கிறது. ஆகவே மண்ணைப் பரிசோதித்து, தேவையான இடத்துக்குத் தேவையான அளவு. ஆலையும் மண் பரிசோதனையும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

"நவ்ருத் தீவைப் பார்" என்பார்கள். பார்க்கிறேன். பொஸ்பேட்டை முழுக்கச் சுரண்டி விற்றுவிட்டு, தீவின் நடுப்பகுதியை எலும்புக்கூடாக்கினார்கள். அவர்கள் விற்றது கல்லை. நான் கேட்பது கல்லைக் குறைவாகத் தோண்டி, அதிலிருக்கும் பொஸ்பேட்டை முழுதாகப் பயிருக்குக் கொடுக்க. கரையாத மாவாகப் போட்டு வீணாக்குவதும் ஒருவகைச் சுரண்டல்தான். மெதுவாக நடப்பதால் தெரிவதில்லை.

நான் கேட்பது பெரிய கனவு இல்லை. எப்பாவலயில் முதலில் ஒரு சிங்கிள் சூப்பர் ஆலை, அந்த ஊர் மக்களைக் கேட்டு, அவர்களுக்குப் பங்கும் கண்காணிப்பு உரிமையும் கொடுத்து. பேராதனையிலும் மொறட்டுவையிலும் கிளிநொச்சிப் பொறியியல் பீடத்திலும் அந்தக் கல்லை வைத்துப் பரீட்சார்த்த ஆலைகள். உருக்கும் வழியும் உப்பு வழியும் எவ்வளவுக்கு முடியும் என்று ஆய்வுகூட மேசையில் இல்லாமல், தொன் கணக்கில் செய்து பார்க்க. பரந்தனில் மீண்டும் குளோரின் செய்யும் திட்டம் எப்போது வந்தாலும், அதில் அமிலத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்க. எல்லாக் கணக்கையும் மூன்று மொழியிலும் வெளியிட.

எங்கட அரசியல்வாதிகளிடமும் கேட்கிறேன். ஆனையிறவு உப்புக்கு என்ன பெயர் வைப்பது என்று 2025இல் சண்டை பிடித்தீர்கள். பெயர் முக்கியம், சண்டை நியாயம். அந்த உப்பிலிருந்து என்ன செய்யப்போகிறோம் என்ற கேள்வியை யாராவது பாராளுமன்றத்தில் எழுப்பினீர்களா? எப்பாவலச் சிங்களக் கமக்காரரும் பரந்தன் தமிழ்க் கமக்காரரும் ஒரே மூடைக்காக ஒரே வரிசையில் நின்றார்கள் 2021இல். ஒருத்தரிடம் கல் இருக்கிறது, மற்றவரிடம் உப்பு. இவர்களைச் சேர்க்க ஒரு அரசியல் இல்லை. நல்லிணக்கம் என்று வருசக்கணக்கில் மாநாடு வைப்பவர்கள் இப்படி ஒரு ஆலையை வைத்துப் பார்க்கட்டும். ஒரே ஆலையில் சம்பளம் எடுக்கிற ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் விளங்கிக்கொள்ள மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது.

இதை வாசிக்கிற உங்களில் பாதிப்பேர் விஞ்ஞானமோ பொறியியலோ படித்துக்கொண்டு, பக்கத்தில் ஒளித்துவைத்துக் கவிதை எழுதுகிறவர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஒளிக்கவேண்டாம். படிக்கிறதைத் தமிழில் எழுதுங்கோ. அமிலத்தையும் அபடைட்டையும் பற்றி, சமநிலைச் சமன்பாட்டையும் ஆலைக் கணக்கையும் பற்றி, கமக்காரர் வாசித்துவிட்டுக் கேள்வி கேட்கிற மாதிரி எழுதுங்கோ. அடுத்த முறை யாராவது ஒரு வர்த்தமானியால் பசளையை நிறுத்த வந்தால், அல்லது எப்பாவலயை மொத்தமாக விற்க வந்தால், அவரோடு கணக்குப் பேச இந்தப் பக்கம் ஆயிரம் பேர் இருக்க வேணும்.